எனக்கு எடுக்காத ரத்தம்

நான் நான்காவது படிக்கும்போது அம்மா என்னைக் காரிமங்கலத்தில் இருந்த பெரியம்மா வீட்டுக்குக் கூட்டிப்போனாள். அக்காளும் தங்கையும் பேசி ஆறு வருடம் ஆகியிருந்தது. சண்டை எதற்காக என்பது அவர்களுக்கே சரியாக நினைவிருந்ததா, சந்தேகம்தான். அம்மாவுக்கு மார்பில் புற்றுநோய் வந்து, சிகிச்சை முடிந்து, தலையில் அப்போதுதான் முடி அரும்பியிருந்தது.

பெரியம்மா வாசலிலேயே மறித்து நின்றாள். "இப்பத்தான் வழி தெரிஞ்சுதா?"

"அக்கா, உனக்கு ஆபரேசன் ஆச்சுன்னு கேள்விப்பட்டன், அது என்ன ஆபரேசன்? நெசத்தச் சொல்லு. குடும்பத்துல வேற யாருக்காச்சும் இருந்துச்சான்னு பெங்களூரு டாக்டரம்மா கேக்கறாங்க."

"வெறும் கட்டிதான்." பெரியம்மா குரலைத் தாழ்த்தினாள். "பொண்ணுக்கு மாப்ள பாக்கறோம். வாய மூடிக்கிட்டுப் போ."

"அவளுக்காவத்தான் கேக்கறன்க்கா."

பெரியம்மா வாசலை விட்டு விலகினாள். பிறகு உள்ளே போய், பீரோவில் சேலைகளுக்கு அடியிலிருந்து ஒரு ஃபைலை எடுத்துவந்தாள். சினைப்பையில் புற்றுநோய். ஊருக்குத் தெரியாமல் வைத்தியம் பார்த்திருக்கிறாள்.

"ஒத்தையாவா போய்ட்டு வந்த?" என்று கேட்டு அம்மா அழுதாள். பெரியம்மாவும் அழுதாள். அவள் மகள், எனக்கு அக்கா, டிவி சத்தத்தைக் கூட்டி வைத்து என்னைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டாள்.

அடுத்த வாரம் நால்வரும் ரயிலேறிப் பெங்களூர் போனோம். டாக்டரம்மா எங்கள் குடும்பத்தையே ஒரு தாளில் வட்டமும் கட்டமுமாக வரைந்தார். சில குடும்பங்களில் இது பரம்பரையாக இறங்கும், ரத்தத்தில் பார்த்தால் தெரியும், தெரிந்துகொண்டால் முன்கூட்டியே கவனமாக இருக்கலாம் என்றார். மூவருக்கும் ரத்தம் எடுத்தார்கள். நானும் சட்டைக் கையை மடித்து நீட்டினேன்.

"உனக்கு இப்ப வேணாம் கண்ணு. பதினெட்டு வயசு ஆகட்டும். எடுக்கறதா வேணாமான்னு நீயே முடிவு பண்ணு" என்றார் டாக்டரம்மா.

என்னை மட்டும் ஒதுக்கிவிட்டார்களே என்று தருமபுரி வரை அழுதேன். அம்மா என்னை மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தாள்.

முடிவுகள் வந்தன. அம்மாவுக்கும் பெரியம்மாவுக்கும் அந்தப் பரம்பரைக் கோளாறு இருந்தது, அக்காவுக்கு இல்லை. பெரியம்மா போனில் சிரித்தாள், அழுதாள், பெண் பார்க்க வருகிறவர்களிடம் இனி எதையும் மறைக்கப்போவதில்லை என்றாள்.

போனை வைத்த அம்மா, வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்த என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"உனக்கு என்ன வயசு ஆவுது?"

"ஒம்போது."

"இன்னும் ஒம்போது வருசம் இருக்குது" என்றாள்.

எதற்கு என்று கேட்கத் தோன்றவில்லை. பெற்றவளுக்கே என் வயது மறந்துவிட்டதே என்று சிரித்தேன். அவளும் சிரித்தாள்.