தொடக்கூடாத கைபேசிகள்

பிறருடைய கைபேசிகளைக் காவல் காப்பது, அழுகிற பிள்ளைகளை எட்டு மணி நேரம் தொட்டுத் தூக்காமல் பார்த்துக்கொள்வதற்குச் சமமான தொழில். நான் சொல்லப்போவது, சென்ற மாசி மாதம், பனி இன்னும் விலகாத ஒரு திங்கட்கிழமை காலை ஐந்தே முக்கால் மணிக்குத் தொடங்கி அந்த வாரத்துக்குள் முடிந்தது. இடம், போச்சம்பள்ளித் தொழிற்பேட்டையில் மின்னணுப் பாகங்கள் செய்யும் ஒரு தொழிற்சாலையின் வாசல். அங்கே கம்பி வலை அடித்த ஓர் அறை. அதனுள் இருநூற்று நாற்பது கட்டங்கள் கொண்ட மர அலமாரி. ஒரு மேசை, ஓர் இன்டர்காம், நான். வேலைக்கு வரும் பெண்கள் கைபேசியை என் மேசையில் காட்டியபின் தங்கள் கட்டத்தில் தாங்களே இட்டு, டோக்கன் பெற்று உள்ளே போவார்கள். முப்பத்திரண்டு ஆண்டுகள் அரசுப் பள்ளியில் கணக்குச் சொல்லிக்கொடுத்த எனக்கு ஓய்வூதியம் போதுமானதாக இருந்தது, ஓய்வுதான் ஒத்துக்கொள்ளவில்லை.

கோயில் வாசலில் செருப்புக்கு டோக்கன் கொடுத்தவர்களுக்கும், பேருந்து நிலையத்தில் சைக்கிள் ஸ்டாண்டு பார்த்தவர்களுக்கும் என் பாடு ஓரளவு விளங்கும். ஓரளவுதான், ஏனெனில் உங்கள் செருப்பும் சைக்கிளும் வாய் திறப்பதில்லை.

நாற்பத்தேழாம் கட்டம்

அறைச் சுவரில் ஒட்டியிருந்த விதிகளில் முதலாவது இது: காப்பாளர் எக்காரணம் கொண்டும் பணியாளரின் கைபேசியைத் தொடக் கூடாது. அந்தத் திங்கட்கிழமை, செல்வி என்ற பெண் தன் கைபேசியில் வைத்திருந்த அலாரத்தை அணைக்க மறந்து உள்ளே போய்விட்டாள். ஆறு பத்துக்கு அது கூவத் தொடங்கியது. பத்து நிமிடம் ஓய்ந்தது, மறுபடியும் கூவியது. ஐந்தாவது முறை கூவியபோது எனக்கு ஒன்று நினைவுக்கு வந்தது. செல்வி தன் கைபேசியைப் பெயர் சொல்லி அழைத்து ஏதேதோ ஏவுவாள். தொடக் கூடாது என்றுதான் விதி சொல்கிறதே தவிர, பேசக் கூடாது என்று சொல்லவில்லை.

எழுந்து அவளுடைய நாற்பத்தேழாம் கட்டத்தின் முன்னால் நின்று, அவள் அழைக்கும் பெயரால் அழைத்து, வகுப்பில் சொல்லும் குரலில், "அலாரத்தை நிறுத்தவும்" என்றேன். நின்றது. ஆனால் அதே பெயருக்கு விழிக்கும் கைபேசிகள் வேறு பதினொன்று அலமாரியில் இருந்தன. அவை அத்தனையும் ஒன்றன்பின் ஒன்றாக, "அலாரம் எதுவும் அமைக்கப்படவில்லை" என்று அறிவித்தன. செக்யூரிட்டி சூப்பர்வைசர் பாண்டி, சிவகங்கைப் பக்கத்துக்காரர், கம்பி வலைக்கு வெளியே வந்து நின்று உள்ளே நாலு மூலையையும் பார்த்தார். "ஒத்தை ஆளா உக்காந்திருக்கீக, ஒரு டஜன் பொம்பளைக சத்தம் கேக்குது. உள்ள யார டீச்சர் ஒளிச்சு வச்சிருக்கீக?"

மூன்று பெயர்கள்

கேட்டுக் கேட்டு, அலமாரிக்குள் மூன்று வகைக் குரல் உதவியாளர்கள் இருப்பதைக் கண்டுகொண்டேன். அவற்றைச் செய்த நிறுவனங்களின் பெயர் எனக்குத் தேவைப்படவில்லை. மாணவர்களுக்கு வைப்பது போல நானே பெயர் வைத்தேன். முதலாவது முந்திரிக்கொட்டை: கேள்வி முடியுமுன் விடை சொல்லும், கேட்காததையும் சொல்லும். யாராவது அழைத்தால் அழைப்பவரின் பெயரை ஊருக்கே அறிவிக்கும். இரண்டாவது சட்டாம்பிள்ளை: எல்லாம் தெரியும், ஆனால் எதற்கும் முதலில் அனுமதி கேட்கும். மூன்றாவது நிதானம்: அழைத்தால் விழித்து, யோசித்து, பல நேரங்களில் தெரியவில்லை என்று மன்னிப்புக் கேட்டுவிடும். மலிவான கைபேசிகளில் அதுதான் குடியிருந்தது.

மூன்றுக்கும் பொதுவான குணம் ஒன்று இருந்தது. அந்தப் பெண்கள் வீட்டில் பேசுவது போல விரட்டினால் அவை திகைத்து நின்றன. நான் இலக்கணம் பிசகாமல் சொன்னால் உடனே கீழ்ப்படிந்தன. இந்தச் செய்தி பரவியதும் உணவு இடைவேளையில் என் மேசைக்கு முன் வரிசை நிற்கத் தொடங்கியது. செல்விதான் முதல் ஆள். கைபேசியை என் வாய்க்கு நேரே நீட்டிக்கொண்டு சொன்னாள்: "உங்ககிட்ட அடி வாங்குன மாதிரியே நடுங்குதுங்க டீச்சர். எங்க வீட்டுக்காரருக்குப் போன் போடச் சொல்லுங்க, திட்டறத நான் திட்டிக்கறேன்."

மஞ்சுளா கேட்டது

அதே திங்கள் பிற்பகல், ஷிப்ட் முடிந்து எல்லோரும் கம்பெனி பஸ்ஸுக்கு ஓடியபின், மஞ்சுளா மட்டும் நின்றாள். பயிற்சி ஆண்டு முடிந்து, அவளுக்கு நிரந்தர வேலைக்கான கடிதம் வந்திருந்தது. வெள்ளிக்கிழமைக்குள் கையெழுத்திட வேண்டும். கையெழுத்திட்டால் ஷிப்ட் மாறி மாறி வரும், விடுதியிலேயே தங்க வேண்டும். அவள் தந்தை முனியப்பா ராயக்கோட்டைக்கு அருகே ஒரு தக்காளித் தோட்டத்தில் தனியாக இருந்தார். இரண்டு ஆண்டுகளாகப் பார்வை சுருங்கிக்கொண்டே வந்தது. போன பார்வை திரும்பாது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். முந்தைய மாதம் மோட்டார் அறையில் வழுக்கி விழுந்து, பால்காரர் வரும்வரை அரை நாள் அங்கேயே கிடந்திருக்கிறார்.

பட்டன் போனில் தன்னை அழைக்க இரண்டாம் எண்ணை மட்டும் அழுத்திப் பிடிக்க மஞ்சுளா அவரைப் பழக்கினாள். மண்வெட்டி பிடித்துக் காய்த்த விரலுக்கு இரண்டும் ஐந்தும் ஒன்றாகவே பட்டன. மகளுக்குப் பதிலாகத் தக்காளி மண்டிக்காரரை நான்கு முறை அழைத்துவிட்டார். அவர் தாமாக மகளை அழைக்க வழி பிறக்காவிட்டால் வேலையை விட்டு ஊருக்குப் போவது என்று அவள் முடிவு செய்திருந்தாள். "நாள் பூரா எல்லா போனும் பேசறத கேக்கறது நீங்க ஒருத்தர்தான் டீச்சர். எது எங்கப்பா பேச்ச கேக்கும்னு சொல்லுங்க. அதுவரைக்கும் லெட்டர்ல கையெழுத்து போடாம வச்சிருக்கேன்."

இருபத்தைந்து மதிப்பெண்

ஒரு காரியத்தை ஏற்றுக்கொண்டால் முறையாகச் செய்ய வேண்டும். அன்றிரவே இருபத்தைந்து கேள்விகள் கொண்ட வினாத்தாள் ஒன்றைத் தயாரித்தேன். செவ்வாய்க்கிழமை உணவு இடைவேளையில் மூன்று பெண்கள் மூன்று வகைக் கைபேசிகளைக் கையில் பிடித்துக்கொண்டார்கள், நான் தொடவில்லை. ஒரு குவிண்டாலுக்கு எத்தனை கிலோ, பதினேழாம் வாய்ப்பாடு, நாளை மழை உண்டா, ராயக்கோட்டை நிலையத்தில் நிற்கும் ரயில்கள் எவை என்று ஒன்றுவிடாமல் கேட்டேன். முந்திரிக்கொட்டைக்கு இருபத்தொன்று. சட்டாம்பிள்ளைக்குப் பதினேழு. நிதானம் வாய்ப்பாட்டை மட்டும் முழுமையாக ஒப்பித்தது. மற்றவற்றில் பெரும்பாலானவற்றுக்கு மன்னிப்புக் கேட்டது. அதற்கு ஒன்பது போட்டு, 'கூடுதல் கவனம் தேவை' என்று குறிப்பும் எழுதினேன்.

முடிவை மஞ்சுளாவிடம் கொடுத்தேன். விலை அதிகமானாலும் முந்திரிக்கொட்டையை வாங்குவதே உகந்தது என்றேன். அவள் தாளை மேலிருந்து கீழே ஒருமுறை படித்தாள். கீழிருந்து மேலே இன்னொரு முறை படித்தாள். அப்புறம் மிகுந்த மரியாதையோடு கேட்டாள்: "எங்கப்பா பதினேழாம் வாய்ப்பாடு எதுக்கு டீச்சர் கேக்கப் போறாரு?"

புதன்கிழமை, எதிர் டீக்கடை

ஷிப்ட் முடிந்து மஞ்சுளா, செல்வி, நான் மூவரும் மூன்று வகைக் கைபேசிகளோடு காத்திருந்தோம். பக்கத்துத் தோட்டக்காரரின் வண்டியில் அவரோடு முனியப்பா வந்து இறங்கினார். வீட்டில் தெலுங்கு, மண்டியில் கன்னடம், எங்களிடம் தமிழ் என்று எதிலும் தடங்கல் இல்லாத மனிதர். ஆனால் ஒவ்வொரு சொல்லுக்கும் நடுவே ஒரு வாய் டீ குடிக்கும் அளவு இடைவெளி விடுவார். "மஞ்சுளாவை அழை என்று மட்டும் சொல்லுங்கள், போதும்" என்றேன். முகம் தெரியாத ஒரு பெண்ணிடம் எடுத்த எடுப்பில் வேலை ஏவச் சொல்கிறேனே என்று அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். முந்திரிக்கொட்டையிடம், "அம்மா, சாப்ட்டியா?" என்று தொடங்கினார். அது உடனே அருகிலுள்ள ஏழு உணவகங்களைத் தூரத்தோடு வாசித்தது. "நான் ஒரு பேச்சுக்குக் கேட்டா, இவ என்ன ஓட்டலுக்கு தொரத்தறா" என்றார். சட்டாம்பிள்ளையோ, முதலில் திரையின் பூட்டைத் திறக்கும்படி கண்டிப்பாகச் சொன்னது. "பூட்ட பாத்து தொறக்க கண்ணு இருந்தா இவள ஏன் கூப்பிடறேன்?"

எஞ்சியது நிதானம். அது செல்வியின் பழைய கைபேசியில் இருந்தது. ஓரத்தில் கீறல் விழுந்தது என்று பையில் கிடந்ததை அவள் எடுத்துக் கொடுத்திருந்தாள். அவர் நலம் விசாரித்தார். "மன்னிக்கவும், எனக்குப் புரியவில்லை. நான் என்ன செய்ய வேண்டும்?" என்று கேட்டுவிட்டு அது காத்திருந்தது. அவர் ஒரு வாய் டீ குடித்தார். அது காத்திருந்தது. "எம்பொண்ணு…" என்றார், இன்னொரு வாய். "மஞ்சுளாவ கூப்பிடும்மா." அது, "மஞ்சுளாவை அழைக்கவா?" என்று உறுதி கேட்டது, அவர் தலையாட்டினார். தலையாட்டினால் அதற்குத் தெரியாது என்று செல்வி சொன்னபின், "ஆமாம்மா" என்றார். ஒரு முழத் தூரத்தில் மஞ்சுளாவின் கையில் அவள் கைபேசி ஒலித்தது. அவள் அதைக் காதில் வைத்துக்கொண்டு அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் மதிப்பெண் தாளை மடித்துப் பைக்குள் வைத்தேன். முனியப்பா எங்கள் எல்லோருக்கும் பொதுவாகச் சொன்னார்: "மத்த ரெண்டும் ரொம்ப படிச்ச புள்ளைங்க. இதுதான் நம்ம பேசி முடிக்கற வரைக்கும் நிக்குது. இதயே குடுங்க."

வியாழன், பத்து இருபது

முனியப்பாவின் சிம்மைப் போட்டுக்கொண்டு கைபேசி தோட்டத்துக்குப் போனது. ஆனாலும் மஞ்சுளா வியாழன் காலை டோக்கன் வாங்கும்போது கையெழுத்திடாத கடிதம் அவள் பையில்தான் இருந்தது. டீக்கடையில் நாங்கள் நான்கு பேர் சுற்றி இருந்தோம். தனியாக இருந்தால் என்ன செய்வார் என்பதே அவள் கவலை. வாரக் கணக்குக்காகப் பாண்டி என் அறையில் டோக்கன்களை எண்ணிக்கொண்டிருந்தபோது, நூற்றுப் பன்னிரண்டாம் கட்டத்திலிருந்து, மஞ்சுளாவின் முந்திரிக்கொட்டை, "அப்பா அழைக்கிறார்" என்று அறிவித்தது. இன்டர்காமை எடுத்தேன். மஞ்சுளா தூசி புகாத அறைக்குள் இருப்பதாகவும், உடை மாற்றி வெளியே வரக் கால் மணி நேரம் ஆகும் என்றும் அவள் பிரிவை மேற்பார்க்கும் லைன் லீடர் சொன்னாள். மணி அடித்து ஓய்ந்தது. உடனே மறுபடியும், "அப்பா அழைக்கிறார்." ஒருவர் அடுத்தடுத்து இரண்டு முறை அழைத்தால் மனம் எங்கே போகும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மோட்டார் அறையின் ஈரத் தரை என் கண்ணுக்குள் வந்து நின்றது. கட்டத்தின் முன்னால் போய், "அழைப்பை ஏற்கவும்" என்றேன்.

"மஞ்சுளாவா?" என்றது ஸ்பீக்கரில் முனியப்பாவின் குரல். "அவள் உள்ளே வேலையில் இருக்கிறாள். நான் டீச்சர். விழுந்துவிட்டீர்களா?" என்றேன். "ஒண்ணும் ஆகலைங்க. பக்கத்துல யாரும் இல்லாத நேரமா பாத்து வேணும்னேதான் கூப்ட்டேன். மொதல்ல யாரும் எடுக்கல. இன்னொருக்கா போடும்மான்னேன், போட்டுச்சு." வழக்கம்போல ஒரு வாய் டீ குடிக்கும் இடைவெளி விட்டார். "நாளைக்கு வெள்ளிக்கிழமைங்க. கையெழுத்து போடச் சொல்லிருங்க. நான் சொன்னா அழுவா, நீங்க சொன்னா கேப்பா."

அவர் சொன்னதை ஒரு சீட்டில் அப்படியே எழுதி, மணி பத்து இருபத்தாறு என்று குறித்து, லைன் லீடர் வழியாக உள்ளே அனுப்பினேன். பாண்டி எண்ணிக்கொண்டிருந்த டோக்கன்களை எங்கே விட்டோம் என்று தெரியாமல் மறுபடியும் ஒன்றிலிருந்து தொடங்கினார்; பாதியில் அதையும் நிறுத்தினார். "ஊர்ல எங்க ஆத்தாவும் தனியாத்தான் இருக்காக டீச்சர். அந்த மந்தப் புள்ள இருக்குற போனு இன்னொண்ணு கெடைக்குமா?"

பிறகு

மஞ்சுளா வெள்ளிக்கிழமை உணவு இடைவேளையில் கையெழுத்திட்டாள். செல்வியின் பழைய கைபேசிக்கு மூவாயிரம் ரூபாயை முனியப்பா அடுத்த ஞாயிறு, மண்டியில் தக்காளிப் பணம் வாங்கிய கையோடு வந்து கொடுத்துவிட்டுப் போனார். மாதாமாதம் ரீசார்ஜ் செய்வதைப் பங்குனிச் சம்பளத்திலிருந்து மஞ்சுளா ஏற்றுக்கொண்டாள். புதன்கிழமை குடித்த டீக்கான காசை அன்றே நான் கொடுத்துவிட்டேன். மூன்று பேரில் கடைசியாகத் தேறியதற்கு மட்டுமே வேலை கிடைத்தது என்பதை, முப்பத்திரண்டு ஆண்டுகள் மதிப்பெண் பட்டியல் எழுதியவள் என்ற முறையில், என் பழைய மாணவர் எவரிடமும் நான் இதுவரை சொல்லவில்லை.