கடலில் சுவர் தேடியவன்

கடலும் ஒரு கிணறுதான், சுவர் மட்டும் கொஞ்சம் தள்ளி இருக்கும் என்றுதான் நான் முதலில் நம்பினேன். சிரிக்காதீர்கள். செஞ்சியில் பிறந்து இருபது வயது வரை கடலைப் பார்க்காதவன் வேறு எப்படி நம்புவான்? தண்ணீர் என்றால் சுற்றிச் சுவர் இருக்கும், சுவரில் பிடித்துக்கொள்ள ஒரு கல் இருக்கும், மேலே நின்று யாராவது திட்டிக்கொண்டிருப்பார்கள். நான் அறிந்த தண்ணீர் அவ்வளவுதான்.

எங்களுக்கு ஊர் ஓரத்தில் கொஞ்சம் நிலம் இருந்தது. அதில் மாடு கட்டிக் கவலைச் சாலால் தண்ணீர் இறைத்த பழைய கிணறு. வலப்பக்கச் சுவர் பெயர்ந்து கற்கள் துருத்திக்கொண்டிருக்கும். அதனால் அதில் நீந்துகிற எவனும் இடப்பக்கமாகவே சுற்றுவான். என்னை அதில் தள்ளியவன் என் அண்ணன். கவலைக் கயிற்றை என் இடுப்பில் கட்டி, மறுமுனையைத் தன் கையில் வைத்துக்கொண்டு, மேட்டில் நிற்பான். நான் முங்கும்போதெல்லாம் கை மாற்றிக் கை மாற்றிக் கயிற்றை இழுப்பான்.

"சாவ மாட்டடா. கத்துறத நிறுத்து. வாயத் தொறந்தா தண்ணி உள்ள போவுது பாரு."

அண்ணனைப் போல நீந்த எங்கள் சுற்றுவட்டாரத்தில் ஆள் இல்லை. வாரச் சந்தைக்குக் கருவாடு கொண்டுவரும் ஒரு பெரியவர் அவனிடம்தான் அந்தப் பந்தயத்தைப் பற்றிச் சொன்னார். மரக்காணத்துக்குத் தெற்கே அவருடைய குப்பத்தில் மாசி மகத்துக்கு மறுநாள் நீச்சல் பந்தயம் வைப்பார்களாம். கடலுக்குள்ளே ஒரு கட்டுமரத்தை நங்கூரம் போட்டு நிறுத்தி, அதில் சிவப்புத் துணி கட்டியிருக்கும். நீந்திப் போய் அந்தக் கொடியைத் தொட்டுவிட்டுத் திரும்ப வேண்டும்.

"யாரு வேணா எறங்கலாம். ஆனா வெளியூர்க்காரன் எவனும் கொடியத் தொட்டதில்ல" என்றார்.

அண்ணன் கையிலிருந்த கருவாட்டைக் கூடையிலேயே போட்டான். "நான் தொட்டா?"

"தொட்டா இன்னா, வஞ்சிரம் சுட்டு என் கையால ஊட்டி வுடறேன், வா."

அன்றிலிருந்து வீட்டில் கொடிப் பேச்சுதான். சோற்றில் கை வைத்தால் கொடி, மாட்டுக்கு வைக்கோல் போட்டால் கொடி. அந்த ஐப்பசியில்தான் எங்கள் கிணற்றுக்குக் கரண்டு வந்தது. அண்ணன் நெல் மூட்டையோடு அவலூர்பேட்டைக்குப் போயிருந்த நாளில் ஆட்கள் வந்து மோட்டாரைப் பூட்டி, குழாயைத் தாங்க இரும்புச் சட்டம் ஒன்றைக் கிணற்றின் குறுக்கே பதித்துவிட்டுப் போனார்கள். அண்ணன் திரும்பியபோது இருட்டிவிட்டது. இரவெல்லாம் மழை. தண்ணீர் ஏறிச் சட்டத்தை மூடிவிட்டது. விடிந்ததும் அண்ணன் எப்போதும் குதிக்கிற இடத்திலிருந்து எப்போதும்போல் குதித்தான்.

இடுப்புக்குக் கீழே எதுவும் அசையவில்லை. பெரிய ஆஸ்பத்திரியில் போட்டுப் பார்த்துவிட்டு, இனி வீட்டிலேயே வைத்துக்கொள்ளுங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். உள் அறையில் சுவரைப் பார்த்துப் படுத்தவன்தான். யார் வந்து பேசினாலும் திரும்ப மாட்டான். தை போய் மாசி பிறந்த பிறகு ஒருநாள் சுவரைப் பார்த்தபடியே சொன்னான்:

"டேய், மாசி மகம் வருதுல்ல."

என் வாய் எப்போதுமே மூளைக்கு முன்னால் ஓடும். "நான் போறேண்ணா. தொட்டுட்டு வந்துடறேன்" என்றேன்.

திரும்பிப் பார்த்தான். "நீயா?"

"இன்னா நீயா? கயிறு கட்டி எறக்கி வுட்டவன் நீதான? நான் கேவலமா நீஞ்சினா உனக்குத்தான் அசிங்கம்."

வாயோரம் லேசாக இழுத்தது. "அப்ப நானும் வரேன். பாக்கணும்."

கேட்டீர்களா, நானும் வரேன் என்றான். வாசலைத் தாண்ட மாட்டேன் என்று கிடந்தவன். நான் கொடியைத் தொட்டுவிட்டால் அவன் அந்த அறையை விட்டு எழுந்துவிடுவான் என்று எனக்கு எப்படியோ தோன்றிவிட்டது. கால் எழாவிட்டாலும் மனுஷன் எழுந்துவிடுவான். இந்த ஒன்றுக்காகத்தான் நான் கடலில் இறங்கச் சம்மதித்தேனே தவிர, வீரம் ஒன்றும் கிடையாது.

"ஒருத்தன் கெடக்குறது பத்தாதா?" என்று நைனா கத்தினார். கத்திவிட்டு அவரே வண்டி கட்டி எங்களைப் பஸ் ஸ்டாண்டில் விட்டார். திண்டிவனத்தில் பஸ் மாறும்போது அண்ணனை முதுகில் தூக்கிக்கொண்டேன். "ஏய் மாடு, மெதுவா" என்று என் காதைப் பிடித்துத் திருகினான். விழுந்த நாளிலிருந்து அவன் சொன்ன முதல் கிண்டல் அது. அதற்காக அவனை மரக்காணம் வரை நடந்தே தூக்கிப்போயிருப்பேன்.

கடலைப் பார்த்தோம். இருவருக்குமே அதுதான் முதல் தடவை.

"சுவரு எங்கண்ணா?" என்றேன் மெல்ல.

அவன் கண்ணைச் சுருக்கிப் பார்த்தான். "பெருசாத்தான் இருக்குது" என்றான்.

மணலில் ஏற்றிப் போட்டிருந்த ஒரு படகில் சாய்த்து உட்காரவைத்தேன். கருவாட்டுப் பெரியவர் எங்களைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே வந்தார். அண்ணனின் கால்களைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது. தோளில் கிடந்த துண்டை எடுத்து வெயிலுக்கு அவன் தலையில் போட்டுவிட்டு, கட்டுமரத்தைத் தள்ளிக்கொண்டு போனார். நீந்துகிறவர்களுக்குக் காவலாக அவரும் இன்னொருவரும் கடலில் இருந்தார்கள்.

விசில் ஊதினார்கள். குப்பத்துப் பையன்கள் அலைக்கு அடியில் புகுந்து அந்தப் பக்கம் எழுந்தார்கள். நான் அலையை நெஞ்சால் முட்டினேன். அது என்னைக் கரையில் உட்காரவைத்தது. மறுபடி போனேன், மறுபடி உட்காரவைத்தது. மூன்றாவது தடவை எப்படியோ தாண்டிவிட்டேன். கிணற்றில் நீந்தும்போது தாகமெடுத்தால் ஒரு வாய் குடித்துக்கொள்வது எங்கள் பழக்கம். அந்தப் பழக்கத்தில் இங்கேயும் ஒரு வாய் குடித்தேன். அத்தோடு எனக்கும் கடலுக்கும் இருந்த மரியாதை போயிற்று.

காலுக்கு அடியில் தரை இல்லை, கைக்கு எட்டக் கல் இல்லை. எங்கள் ஊரில் எந்த மூலையில் நின்று தலையைத் தூக்கினாலும் கோட்டை மலை தெரியும். நானும் தலையைத் தூக்கி மலையைத் தேடினேன். அங்கே மலைக்கு எங்கே போவது? குலதெய்வத்துக்கு முடி நேர்ந்துகொண்டேன். அப்போது தலையில் முடி இருந்தது. ஆடு நேர்ந்துகொண்டேன். எங்களிடம் ஆடு இல்லை. கண்ணை இறுக மூடிக்கொண்டு கை கால் உதறி நீந்தினேன். பாதி தூரம் வந்திருப்பேன் என்று கண்ணைத் திறந்தால், கரை அதே இடத்தில் இருந்தது. மறுபடி மூடினேன், மறுபடி திறந்தேன். அதே கரை, அதே படகு. நான் இடப்பக்கமாகச் சுற்றிக்கொண்டிருந்தேன். அவ்வளவு பெரிய கடலில் எங்கள் கிணற்றின் அகலத்துக்கு ஒரு வட்டம் போட்டு, அதற்குள்ளேயே சுற்றிக்கொண்டிருந்தேன்.

கரையே சிரித்தது. அலை என்னைத் தூக்கியபோது அண்ணனைப் பார்த்தேன். அவன் தோள்கள் குலுங்கின, கைகள் இரண்டும் ஆடின. அண்ணனும் சிரிக்கிறான் என்று நினைத்தேன். போகிறது, கொடியைத் தொடாவிட்டாலும் அவனைச் சிரிக்கவைத்துவிட்டேன் என்று, முங்கிக்கொண்டே ஒரு நிம்மதி. அதற்குள் கையும் ஓய்ந்துபோயிற்று. கருவாட்டுப் பெரியவர் என் தலைமுடியைப் பிடித்துக் கட்டுமரத்தில் ஏற்றினார்.

"இன்னாபா, கொடி அங்க இருக்குது, நீ இங்கயே கோலம் போட்டுனு இருக்குற."

கரைக்கு வந்து பார்த்தால் படகோரத்தில் அண்ணன் இல்லை. படகிலிருந்து தண்ணீர் வரை மணலில் ஒரு தடம், மூட்டையை இழுத்ததுபோல். தடத்தின் முடிவில், அலை வந்து தொடுகிற இடத்தில், அவன் குப்புறக் கிடந்தான். வாயெல்லாம் மணல். இரண்டு பெண்கள் அவனைப் புரட்டித் தூக்கப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"கயிறு இழுக்குற மாதிரியே வெறுங்கைய இழுத்து இழுத்துக் கத்தினு இருந்தாரு" என்றாள் அதில் ஒருத்தி. "அப்புறம் ஊந்துனே வந்துட்டாரு. புடிச்சா நிக்கல."

அண்ணன் மணலைத் துப்பினான். "வந்துட்டியா" என்றான்.

"வந்துட்டேண்ணா."

"இடப்பக்கமாவே சுத்துன."

"ஆமாண்ணா."

கடல் பக்கம் திரும்பினான். "நானும் அப்படித்தான்டா சுத்தியிருப்பேன்" என்றான்.

பெரியவர் பந்தயம் முடிந்ததும் வஞ்சிரம் சுட்டு எடுத்து வந்தார். அண்ணன் இலையைத் தொடவில்லை. நான் தின்றேன். அந்த நேரத்திலும் பசித்தது. திரும்பும்போது முதுகிலிருந்து அவன் என் காதைத் திருகவில்லை. ஆள் மட்டும் காலையில் இருந்ததைவிடக் கனத்தான்.

நைனா வாசலிலேயே நின்றிருந்தார். "இன்னா ஆச்சு?" என்றார்.

நான் வாயைத் திறப்பதற்குள் அண்ணன் சொன்னான்: "தொட்டுட்டான் நைனா."

சொல்லிவிட்டு உள் அறையில் இறக்கச் சொன்னான். சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டான்.

இந்தக் கதையை எத்தனையோ கல்யாணப் பந்தியில் சொல்லியிருக்கிறேன். முடி நேர்ந்துகொண்ட இடத்தில் என் வழுக்கையைத் தடவிக் காட்டுவேன், இலையில் சோறு தெறிக்கச் சிரிப்பார்கள். கரையில் எங்க அண்ணன்கூட வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான் என்று முடிப்பேன்.

அண்ணன் சிரிக்கவில்லை. நான் கொடியைத் தொடவில்லை. அதற்குப் பிறகு அவன் அந்த அறையை விட்டு வெளியே வரவில்லை. அடுத்த மழைக் காலத்துக்கு முன்பே இறந்துபோனான்.