சீட்டின் தலையில் பிள்ளையார் சுழி

பதுளையில் நான் படிப்பிக்கும் கல்லூரியில், முதலாம் ஆண்டுப் பிள்ளைகளிடம் ஒருநாள் பாடத்தை நிறுத்திவிட்டு, "உங்கள்ல யார் யார் பேரு வாக்காளர் இடாப்புல இருக்கு?" என்று கேட்டேன். பலர் பக்கத்தில் இருப்பவர்களைப் பார்த்தார்கள். பின்வரிசைப் பையன் ஒருவன், "எங்க பேரையெல்லாம் தலைவர் போட்டிருப்பாருங்க மிஸ்" என்றான். தலைவர் என்றால் அவன் இருக்கும் தேயிலைத் தோட்டத்துத் தொழிற்சங்கத் தலைவர். எனக்கு மூக்கு நுனியில் கோபம். "ஒனக்குப் பதிலா சோறும் அவரே தின்னுருவாரா?" என்று கேட்டுவிட்டேன். வகுப்பு சிரித்தது, அவனும் சிரித்தான்.

ஆனால் அந்தச் சிரிப்போடு அவர்கள் நிற்கவில்லை. லயம் என்கிற தோட்டத்து வரிசை வீடுகளில் இருக்கும் பிள்ளைகளுக்குப் பெயர் பதிவது அலைச்சல் பிடித்த வேலை. படிவம் கிராம சேவகரிடமிருந்து வரவேண்டும். அவர் லயத்துக்கு வரும் நேரம் பெரியவர்கள் மலையில் கொழுந்து எடுத்துக்கொண்டிருப்பார்கள். கடிதம் வந்தாலும் தோட்ட ஆபீசில் கிடக்கும். இந்தப் பிள்ளைகள் தாங்களே அவரைத் தேடிப் போனார்கள். மொனராகலையிலிருந்து வந்து இங்கே தங்கிப் படிக்கும் ஒரு பிள்ளை, இதற்காகவே பஸ் பிடித்து ஊருக்குப் போய் வந்தாள். இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குப் பொறுப்பில்லை என்று இனி யாராவது என்னிடம் சொல்லிப் பார்க்கட்டும்.

பெயர்கள் ஏறின. அடுத்த வருடம் பொதுத்தேர்தல் வந்தது. வகுப்பிலேயே ஓர் ஒத்திகை வைத்தோம். கட்சிகளுக்குப் பதிலாகப் பலாப்பழம், அன்னாசி, கத்தரிக்காய். ஒவ்வொன்றுக்கும் ஒரு பிள்ளை எழுந்து வாக்குறுதி கொடுக்க வேண்டும், மற்றவர்கள் கேள்வி கேட்க வேண்டும். பலாப்பழம் தோட்டத்துக்கு ரோடு போட்டுத் தருவதாகச் சொன்னது. ஸ்பிரிங்வெளிப் பக்கத்துத் தோட்டத்திலிருந்து வரும் ஒரு பெண், அதுவரை வாயே திறக்காதவள், எழுந்து நின்றாள். "எந்த வருசம்? எந்தப் பணத்துல? போன தடவ சொன்ன ரோடு எங்க போச்சு?" என்றாள். பலாப்பழம் திருதிருவென்று விழித்தது. எனக்கு அவளைக் கட்டிப்பிடித்துக்கொள்ள வேண்டும் போல இருந்தது.

எல்லோரும் ஓட்டுப் போட்ட பிறகு பெட்டியைத் திறந்து எண்ணியபோதுதான் விஷயம் தெரிந்தது. புள்ளடி, அதுதான் ஓட்டுக்குப் போடும் பெருக்கல் குறி, எல்லாம் சரியாகத்தான் இருந்தது. ஆனால் சீட்டுக்குச் சீட்டு தலையில் குட்டியாக ஒரு பிள்ளையார் சுழி! எனக்கே சிரிப்பு வந்தது. நான் பதுளைக் கடைக்காரர் வீட்டுப் பெண். சாமான் சிட்டைக்குக்கூடச் சுழி போடாமல் எழுத மாட்டேன். ஆனாலும் சொல்ல வேண்டியதைச் சொன்னேன். ஓட்டுப் போட்டவர் யாரென்று காட்டிக்கொடுக்கக்கூடிய எந்தக் குறி இருந்தாலும் அந்தச் சீட்டைச் செல்லாது என்று தள்ளிவிடலாம். புள்ளடியைத் தவிர வேறொன்றும் வேண்டாம் என்றேன்.

எல்லோரும் சிரித்துக்கொண்டு வெளியே போனார்கள். ஸ்பிரிங்வெளிப் பெண் மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தாள்.

"எங்கம்மா எப்பவும் போடுவாங்க மிஸ். எங்க லயத்துல எல்லாப் பொம்பளைங்களும் போடுவாங்க. அப்ப இத்தன வருசமா அவங்க ஓட்டு...?"

தோட்டத் தமிழர் பலரையும் போல அவளுடைய தாத்தாவுக்கும் இந்த நாட்டில் வெகுகாலம் குடியுரிமையும் இல்லை, ஓட்டும் இல்லை. அதனால் அவளுடைய அம்மா ஒரு தேர்தலையும் விட்டதில்லை. தீபாவளிச் சேலையைக் கட்டிக்கொண்டுதான் ஓட்டுப் போடப் போவார். அப்படிப் போட்டதெல்லாம் குப்பைக்குப் போயிருக்குமோ? இந்தத் தடவையாவது அந்த ஓட்டு எண்ணப்பட வேண்டும் என்று அவள் ஒற்றைக் காலில் நின்றாள்.

ஞாயிற்றுக்கிழமை அவளோடு நானும் போனேன். லயத்துக்கு முன்னால், தண்ணீர்க் குழாயடியில் பெண்களைக் கூட்டி மாதிரிச் சீட்டை விரித்துக் காட்டினாள். புள்ளடி எங்கே, பிடித்த வேட்பாளருக்கான விருப்பு இலக்கம் எங்கே என்று அவள் சொன்னவரைக்கும் எல்லோரும் தலையாட்டினார்கள். சுழி வேண்டாம் என்றதும்தான் வந்தது வினை. முதலில் எழுந்தவர் அவளுடைய அம்மாவே.

"புள்ளையார நெனைக்காம நான் ஒரு கோடு போட்டதில்லடி. படிச்சிட்டா சாமியையும் வேணாம்பியா?"

நான் சட்டத்தை விளக்க வாயைத் திறந்தேன். மகள் என்னைக் கையால் அமர்த்திவிட்டாள்.

"யாரும்மா சாமிய வேணான்னது? உள்ள போறதுக்கு முன்னாடி உள்ளங்கையில வெரலால சுழி போட்டுக்கங்க. புள்ளையாருக்குத் தெரியும். சீட்டு எண்ணுறவங்களுக்குத் தெரிய வேணாம்."

ஒரு பெண் தன் உள்ளங்கையில் விரலால் சுழித்துப் பார்த்துக்கொண்டார். இன்னொருவரும் சுழித்தார். அம்மா மட்டும் முகத்தைத் திருப்பிக்கொண்டு குடத்தை எடுத்துப் போனார். இத்தனை வருடம் படிப்பிக்கும் எனக்கு இப்படி ஒரு வழி தோன்றியிருக்காது. அந்தப் பிள்ளையை நினைத்துப் பெருமையாக இருந்தது, கொஞ்சம் பொறாமையாகவும் இருந்தது.

தேர்தலன்று டவுனில் என் ஓட்டைப் போட்டுவிட்டு நேரே ஸ்பிரிங்வெளிக்கு பஸ் ஏறினேன். வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை. வாக்களிப்பு நிலையத்திலிருந்து தள்ளி, ரோட்டு வளைவில் தாயும் மகளும் வந்துகொண்டிருந்தார்கள். அம்மா தீபாவளிச் சேலையில் இருந்தார். விரலில் மை. எனக்கு முந்தி அவர்களை மறித்தவர் அவர்கள் தோட்டத்துத் தொழிற்சங்கத் தலைவர்.

"என்னா தங்கச்சி, நம்ம சொன்ன நம்பருக்குத்தான?"

"போட்டாச்சுங்க" என்றார் அம்மா. அவ்வளவுதான். அவர் இன்னும் ஏதாவது சொல்வார் என்று தலைவர் பார்த்துக்கொண்டு நின்றார். அம்மா சேலையைச் சரிசெய்துகொண்டு நடந்துவிட்டார். மற்றத் தேர்தல்களில் கட்சி, நம்பர் எல்லாம் அந்த இடத்திலேயே ஒப்பிப்பார் என்று மகள் பிறகு சொன்னாள்.

எனக்கு அதெல்லாம் வேண்டாம். ஒன்றே ஒன்றுதான் தெரிய வேண்டும். பக்கத்தில் போய் மெதுவாகக் கேட்டேன்.

"அம்மா, யாருக்குப் போட்டீங்கன்னு நான் கேக்கல. சுழிய மட்டும் எங்க போட்டீங்க? கையிலயா, சீட்டுலயா?"

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். மகளைப் பார்த்தார். பிறகு இரண்டு கைகளையும் சேலைத் தலைப்புக்குள் வைத்துக்கொண்டார்.

"கோவிச்சுக்காதீங்க மிஸ். உள்ள நடந்தது யாரு கேட்டாலும் சொல்லக் கூடாதுன்னு எங்க புள்ள சொல்லியிருக்கா. ஒங்களுக்கும் சொல்ல மாட்டேனுங்க."