பரமட்டாவில் அம்மை குத்தினேன்

ஊசி போடுகிறவளைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு வருகிறவர் யாருமில்லை. கையில் தழும்போடு இதை வாசிக்கும் உங்களுக்கு அது தெரியும். எழுபதுகளில், ஊருக்குப் பறக்க அம்மை குத்திய சான்றிதழ் வேண்டியிருந்த காலத்தில், சிட்னியின் பரமட்டாவில் ஒரு டொக்டரிடம் நான் நர்ஸ்.

சொந்தக்காரக் கிருமி

சென்னைக்குப் புறப்பட்ட வரதராஜன், "மருந்துல என்ன இருக்கு, சிஸ்டர்?" என்றார். மாட்டம்மை வகைக் கிருமி, பெரியம்மைக்குச் சொந்தம் என்றேன். சுத்த சைவக்காரர், கையை இழுத்துக்கொண்டார்.

"பயப்படாதேங்கோ, இது சாது. ஆனா முகச்சாயல் ஒண்டுதான். இதைப் பாத்து உடம்பு எதிர்ப்புப் பொருள் செய்துவைக்கும். பிறகு பெரியம்மை வந்தா, அதே சாயலை வைச்சு மடக்கிப் பிடிச்சிடும்" என்றேன். யோசித்துவிட்டுக் கையை நீட்டினார்.

"சொந்தக்காரங்களைப் பாத்ததும் உடம்பு உஷாராகணும், அவ்வளவுதானே? எனக்கு அது பிறவியிலேயே உண்டு!"

அன்ரியின் கொப்பளம்

பக்கத்து ஊர் லிட்கம்மிலிருந்து வந்த மகேஸ்வரி அன்ரியும் கணவரும் ஒரே நாளில் குத்திக்கொண்டார்கள். ஒரு கிழமையில் அங்கிளின் கையில் திராட்சைப்பழம் போல் கொப்பளம், காய்ச்சல் வேறு. அன்ரிக்கோ சின்னப் பரு. அவருக்கு நல்ல மருந்து, எனக்கு மிச்சமா என்று சண்டைக்கு வந்தார்.

"உங்களுக்கு முந்தியே குத்தினது, அன்ரி. அந்த எதிர்ப்புப் பொருள் இன்னும் இரத்தத்தில காவலிருக்கு. அங்கிளுக்கு இதுதான் முதல்தரம் போல."

அங்கிள் கதிரையில் நெளிந்தார். சின்ன வயதில் பள்ளிக்கூட யன்னலால் பாய்ந்து தப்பியது, இங்கே வரும்போது கூட்டாளி டொக்டர் குத்தாமலே எழுதிக் கொடுத்தது, எல்லாம் வெளியே வந்தன.

"முப்பது வருசமா ஒண்டுக்கும் பயமில்லை எண்டு சொன்ன மனுசன், சிஸ்டர்!"

சுத்தமான மாப்பிள்ளை

பீற்றர் சிட்னியில் பிறந்த வெள்ளைக்காரர். கூடப் படித்த எங்கள் பெண்ணொருத்தியோடு யாழ்ப்பாணத்தில் கலியாணம்; பெண்ணின் தகப்பன் அரைமனதோடுதான் சம்மதித்திருந்தார். குத்தி ஒரு கிழமையில் பீற்றர் வந்து கையைக் காட்டினார். ஒரு புள்ளிகூட இல்லை.

"காரில் ஏறியதுமே ஸ்பிரிட் போட்டுத் தேய்த்துவிட்டேன். கிருமி அல்லவா?"

அது உயிரோடு இருந்து கொப்பளம் போட்டால்தானே எதிர்ப்புப் பொருள் ஊறும்! மறுபடி குத்தினேன். ஆனால் எட்டு நாள் கழியாமல் சான்றிதழ் செல்லாது. விமானமோ நாலாம் நாள்; அதை விட்டால் கலியாண நாள் தப்பிவிடும். இதுதான் சாட்டென்று தகப்பன் கலியாணத்தையே நிறுத்திவிடுவாரோ என்று எனக்கே பயம். பீற்றர் நடந்ததைச் சொல்லித் தந்தியடித்தார். மூன்றாம் நாள் பதிலோடு வாயெல்லாம் பல்லாக வந்து நின்றார். அனுப்பியது பெண்:

"வேறு நாள் வைத்தாயிற்று. கையைக் கழுவாமல் வரவும்."

மருந்தைக் கைக்குள் ஏற்ற எனக்கு அரை நிமிடம் போதும். அது ஏன் என்பதைத் தலைக்குள் ஏற்றும் ஊசியைத்தான் யாரும் எனக்குத் தரவில்லை.