குழாய்க்குப் பயந்த இர்மெலி

தம்பெரே நகரத்தில் இர்மெலியைப் போல ஒரு சந்தேகப் பிராணியை நான் பார்த்ததில்லை. பள்ளிக்கூடச் சமையலறையில் அவளும் நானும் வருடக்கணக்காக ஒரே அடுப்படியில் வேகிறோம், அதனால்தான் அடித்துச் சொல்கிறேன். கடைக்காரி சிரித்துவிட்டால் போதும், மீதிச் சில்லறையை மறுபடி எண்ணுவாள். ஒரு காலத்தில் லாரி ஓட்டுகிறவன் ஒருவன், தங்கமான மனிதன், கல்யாணம் செய்துகொள்ளலாமா என்று கேட்டான். "ஏன், உன் வீட்டுல சமைக்க ஆளில்லையா?" என்று கேட்டு விரட்டிவிட்டாள். அவனுக்கு இப்போது பேரன் இருக்கிறான்.

அவளுக்கென்று இருந்தது அந்த வாடகை வீடு ஒன்றுதான். ஒரு அறை, ஒரு சமையலறை, வெயில் விழுகிற பால்கனி. அதில் கோடைக்குத் தக்காளி வைப்பாள். "இங்கேருந்து என்னைத் தூக்கிட்டுத்தான் போகணும்" என்பாள்.

போன வசந்தத்தில் வீட்டுக்காரர் தௌனோ வந்தார். வயசாளி. வடக்கே மகளோடு போய் இருக்கப் போகிறாராம், வீட்டை விற்கிறாராம்.

"வெளியில சொல்றதுக்கு முந்தி உன்கிட்டதான் கேக்கிறேன். இத்தனை வருஷம் ஒழுங்கா இருந்தே. கழிக்க வேண்டியதெல்லாம் கழிச்சுட்டுதான் விலை சொல்றேன்" என்றார்.

பக்கத்துக் கட்டடத்தில் இதே அளவு வீடு போன விலையைவிட அறுபதாயிரம் யூரோ குறைவு. நானாக இருந்தால் அவர் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டிருப்பேன். இர்மெலி காப்பி ஊற்றிக் கொடுத்து, அவர் முகத்தையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தாளாம்.

"அறுபதாயிரத்தை எவனாவது சும்மா விடுவானா, ஐலா? என் தலையில மிளகாய் அரைக்கப் பாக்கிறான்" என்றாள் மறுநாள் என்னிடம், உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டே.

"அந்தக் கிழவனுக்கு மிளகாய் அரைக்கத் தெம்பு ஏதுடி?"

நான்தான் அவளை வங்கிக்கு இழுத்துக்கொண்டு போனேன். அங்கிருந்த பெண் பொறுமையாகக் கணக்குப் போட்டுக் காட்டினாள். கடன் தவணையையும் கட்டடத்துக்கு மாதாமாதம் கட்டுகிற பராமரிப்புப் பணத்தையும் கூட்டினால், இப்போது கொடுக்கிற வாடகைதான் வந்தது. வாடகை போனால் போனதுதான், இதில் கடைசியில் வீடாவது மிஞ்சும் என்று எனக்கே ஆசையாகிவிட்டது. வெளியே வந்ததும் இர்மெலி, "பாத்தியா, எவ்வளவு இனிமையா பேசறா? கடன் கொடுத்தாத்தானே அவளுக்குப் பிழைப்பு?" என்றாள். எனக்கு ரத்தம் கொதித்தது.

வெள்ளிக்கிழமை வந்தது. அவள் கட்டடத்தின் அடியில் எல்லோருக்கும் பொதுவான சவுனா, அதுதான் நீராவிக் குளியல் அறை, உண்டு. ஹெல்லெவியின் முறை முடிந்தால் இர்மெலியின் முறை. இருவரும் சேர்ந்தே வியர்ப்பது வழக்கம், அன்று நானும் போனேன். ஹெல்லெவி மேல்மாடிக்காரி, விதவை, சொந்த வீடு. கட்டட நிர்வாகக் குழுவிலும் இருக்கிறாள். வாடகைக்காரர்களை உரிமையாளர் கூட்டத்துக்குக் கூப்பிடமாட்டார்கள். அதனால் கட்டடத்து விஷயம் எதுவானாலும் இர்மெலிக்கு ஹெல்லெவிதான் கதி.

சவுனாவில் அம்மணமாக உட்கார்ந்துகொண்டு யாரும் பொய் பேசமாட்டார்கள் என்று எங்கள் ஊரில் எல்லோரும் நம்புகிறோம். கர்த்தரைச் சந்தேகப்பட்ட இர்மெலிகூட அதைச் சந்தேகப்பட்டதில்லை.

"ஹெல்லெவி, உண்மையைச் சொல்லு. இந்தக் கட்டடத்துல என்ன கோளாறு?"

ஹெல்லெவி அடுப்பில் காய்ந்த கல்லின்மேல் ஒரு கரண்டித் தண்ணீர் ஊற்றினாள். ஆவி சீறியது.

"குழாய். எல்லாம் இத்துப்போச்சு. ரெண்டு வருஷத்துல சுவரை உடைச்சு மொத்தமா மாத்தணும். உன் அளவு வீட்டுக்கு நாப்பதாயிரம் வரும். அதை வீட்டுச் சொந்தக்காரங்கதான் கட்டணும்."

"அடப்பாவி! பாத்தியா ஐலா? நான் சொன்னேனா இல்லையா?"

"தௌனோ எவ்வளவு சொன்னான்?" என்று ஹெல்லெவி கேட்டாள். இர்மெலி விலையைச் சொன்னாள். ஹெல்லெவி முகத்தைத் துடைத்துக்கொண்டு, "ம்" என்றாள். அந்த 'ம்' எனக்குப் பிடிக்கவே இல்லை. உடை மாற்றும்போது, "இவ ஏன் விலையைக் கேட்டா?" என்று இர்மெலியின் காதில் கேட்டேன்.

"சீ, சவுனாவுக்குள்ள வச்சுப் பேசினதைப் போய்ச் சந்தேகப்படறியே! உனக்கு என்ன புத்திடி?"

யார் யாரைச் சொல்வது பாருங்கள்!

திங்கட்கிழமையே தௌனோவைத் தொலைபேசியில் கூப்பிட்டு வேண்டாம் என்றாள். குழாய் விஷயத்தை மறைத்தீர்கள் என்று அந்த மனிதரை ஒரு பிடி பிடித்தாளாம். "கழிச்சுட்டேன்னு சொன்னேனேம்மா" என்று அவர் இரண்டு தடவை சொன்னதாக அவளே என்னிடம் சிரித்தபடி சொன்னாள்.

கோடை பிறக்கும் முன்பே வீடு விற்றுப்போய்விட்டது. வாங்கியது யார்? ஹெல்லெவிதான்!

ஞாயிறன்று நான் இர்மெலியின் சமையலறையில் இருந்தபோது, புது வாடகை ஒப்பந்தத்தோடு ஹெல்லெவியே இறங்கி வந்தாள். ஏலக்காய் ரொட்டி வேறு சுட்டுக்கொண்டு வந்திருந்தாள்.

நான் எழுந்துவிட்டேன். "கூசாம வந்து நிக்கிறியே! பயமுறுத்தி ஓட வச்சுட்டு நீயே வாங்கிட்டியே!"

"நான் சொன்னதுல ஒரு வார்த்தை பொய் உண்டா?" அவள் குரலை உயர்த்தவே இல்லை. "குழாய்க்கு நாப்பதாயிரம்தான். தௌனோ அறுபதாயிரம் குறைச்சிருந்தான். கோளாறு என்னன்னுதான் இர்மெலி கேட்டா. வாங்கலாமான்னு கேக்கலையே."

இர்மெலி என்னைக் கையமர்த்தினாள். ஒப்பந்தத்தைக் கையில் எடுத்துப் பார்த்தாள். அவள் விரல் ஒரு வரியில் நின்றது.

"வாடகை எழுபது யூரோ கூடியிருக்கே ஹெல்லெவி. எதுக்கு?"

"குழாய்க்குத்தான்" என்றாள் ஹெல்லெவி, ரொட்டியை வெட்டிக்கொண்டே. "பின்ன, அந்த நாப்பதாயிரத்துக்கு நான் எங்கே போவேன்?"

இர்மெலி பால்கனிப் பக்கம் ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள். பிறகு என்னிடம் பேனா கேட்டாள்.