முதலில் கூவியவன்

பெட்டைக்கோழியை, சந்தைக்குக் கொண்டுபோகும் பாசார் கூடைக்குள் இறக்கும்போது வால் பக்கம் முதலில் போக வேண்டும். தலை முதலில் போனால் உள்ளே இருட்டைப் பார்த்துவிட்டு ஊரையே கூட்டிவிடும். உஷாராணி இரண்டு பெட்டைகளையும் அப்படி உட்காரவைத்து, மேலே ஜரிகைக் கரை போட்ட ஒரு ரவிக்கைத் துண்டைப் போர்த்தி, ஓரங்களைக் கூடையின் பின்னலுக்குள் செருகுகிறார். மஸ்ஜித் இந்தியா கடைத்தெருவில் அவர் வேலை பார்க்கும் புடவைக் கடையில் வெட்டி மிஞ்சிய துணி அது. தெரியாதவர்கள் பார்த்தால் சீர்வரிசைத் தட்டு என்றே நினைப்பார்கள். வாசலில் வேனைக் கிளப்பிக்கொண்டு காத்திருக்கும் கணவர் ராதாகிருஷ்ணன் எட்டிப் பார்த்துக் கேட்கிறார்: “பொண்ணுங்க ரெடியா?”

செவ்வாய்க்கிழமை உஷாராணிக்குக் கடை விடுமுறை. அன்று இருவரும் ரவாங்கிலிருந்து சுங்கை பூலோ பக்கம் உள்ள ஒரு சின்ன முனியாண்டி கோயிலுக்குப் போவார்கள். தேங்காய், பழம், ஊதுவத்தி, இரண்டு கோழி. கோழிகள் பலிக்கு அல்ல. போன மாதிரியே திரும்பி வந்துவிடும். ஏறக்குறைய போன மாதிரியே.

கடையில் உஷாராணியின் வாய்க்கு ஈடு கிடையாது. எந்தப் புடவையை விரித்தாலும், “இது ஒங்களுக்குன்னே தறியில ஏத்துனது லா ஆன்டி” என்பார். வந்த ஆன்டி சிவப்பா, மாநிறமா, ஒல்லியா, குண்டா என்ற கேள்வியே இல்லை. எல்லோருக்கும் ஒரு தறி எங்கோ ஓடிக்கொண்டிருந்தது. இருக்கிற பாராட்டையெல்லாம் அங்கேயே செலவழித்துவிட்டு ரயிலேறி வருவதாலோ என்னவோ, வீட்டுக் கோழிகளுக்குக் கொடுக்க அவரிடம் ஒரு நல்ல வார்த்தை மிச்சமிருப்பதில்லை.

வீட்டுக்குப் பின்னால், மின்கோபுரத்தின் கீழே வாழையும் மரவள்ளியும் வளர்ந்த ஒரு துண்டு நிலம். அங்கே நிற்பது வேறு உஷாராணி. கோழியைத் தூக்கி மார்பெலும்பின் மேல் கட்டைவிரலை ஓட்டுவார். பின்பக்கத்து எலும்புகளுக்கு நடுவே விரலை வைத்து, முட்டை வர இடம் இருக்கிறதா என்று பார்ப்பார். காலைத் திருப்பி வெளிச்சத்தில் காட்டுவார். அப்புறம் தீர்ப்பு. “நெஞ்செலும்பு கோணல்.” “இவ முட்ட போடுவா, ஆனா அடையில உக்கார மாட்டா.” “இவன் கறிக்கு.” ராதாகிருஷ்ணன் ஒருமுறை, “நல்ல வேள, நம்ம கல்யாணத்துக்குப் பொண்ணு பாக்க வந்தது நானு” என்றார். “நீங்க பாத்தீங்கன்னு நீங்க நெனச்சிக்கிட்டு இருக்கீங்க” என்று பதில் வந்தது.

முதல் ஜோடியைக் கொடுத்தவர் பக்கத்துக் கம்பத்தில், அந்த மலாய்க் கிராமத்தில், இருக்கும் அம்மா ஒருவர். அன்றிலிருந்து வெளிக்கோழி கலக்காமல் அதே வம்சத்தை உஷாராணி வளர்த்து வருகிறார். பாசிப்பச்சை ஓடிய ஈய நிறக் கால். தலையோடு ஒட்டிய தணிந்த கொண்டை. தானே அடைகாத்துத் தானே குஞ்சு மேய்க்கும் பெட்டைகள். அக்கம்பக்கத்தில் எல்லாரும் மெஷினில் பொரித்த குஞ்சை வாங்கிக் கலந்துவிட்டார்கள். அவற்றைச் சொன்னால் உஷாராணியின் உதடு ஒரு பக்கமாக இழுத்துக்கொள்ளும். “அதுங்களுக்கு அம்மான்னா ஒரு பல்பு.”

எந்தக் கோழிக்கும் அவர் பெயர் வைப்பதில்லை. வம்சத்துக்கென்று தேர்ந்தெடுக்கும் ஒரே ஒரு சேவலுக்கு மட்டும் பட்டம் உண்டு: மாப்பிள்ளை. அதற்குக் கடைசிப் பரீட்சை தேங்காய்ச் சில்லு. ஒரு சில்லைச் சேவலின் முன்னால் போடுவார். நல்ல சேவல் அதைத் தின்னாது. அலகால் எடுத்துக் கீழே போட்டு, மறுபடி எடுத்துப் போட்டு, தொண்டைக்குள் குழறிப் பெட்டைகளைக் கூப்பிடும். அவை வந்து தின்ற பிறகுதான் தன் வயிற்றைப் பார்க்கும்.

போன வருஷம் விடாத மழையில் அந்தப் பக்கத்துக் கோழிகளுக்கு வெள்ளைக்கழிச்சல் வந்தது. பழைய மாப்பிள்ளை காலையில் கூவினார், சாயங்காலம் சரிந்தார். பெட்டைகளில் மிஞ்சியவை கொஞ்சம்தான். அவற்றில் ஒன்றின் சிறகுக்குள் மாப்பிள்ளையின் கடைசிக் குஞ்சுகள் ஒடுங்கிக் கிடந்தன. உஷாராணி மழையில் நனைந்துகொண்டே கைகூப்பினார். “முனியாண்டி, இந்தக் குஞ்சுங்கள மட்டும் காப்பாத்திக் குடு. இதுல மொதல்ல கூவுறவன் ஒனக்கு.”

பக்தியில் ஒரு குறையும் இல்லை. ஆனால் அந்த நேரத்திலும் புடவைக்கடை மூளை தூங்கவில்லை. இத்தனை வருஷத்தில் அவர் கண்டது இது: முந்திக்கொண்டு கூவுகிற சேவல் வெறும் வாய்ச்சவடால், வம்சத்துக்கு ஆகாது. நல்ல சேவல் உடம்பு நிறைந்த பிறகு நிதானமாகத்தான் வாய் திறக்கும். முதலில் கூவுகிறவன் எப்படியும் குழம்புக்குப் போகிறவன். அவனைச் சாமிக்குக் கொடுத்துவிட்டால் கணக்கு சரி. லேசாகச் சாயம் போன புடவையைத் தள்ளுபடி மேசையில் வைக்கிற அதே சாமர்த்தியம்தான். அவர் அல்வா கொடுக்கப் பார்த்தது முனியாண்டிக்கு.

குஞ்சுகள் பிழைத்துக்கொண்டன. வளர வளரச் சேவல்கள் ஒவ்வொன்றாகப் பரீட்சையில் தோற்றன. ஒருவனுக்குக் கால்விரல் கோணல். ஒருவன் ஆளைக் கண்டாலே கொத்த வந்தான். இன்னொருவன் சில்லை விழுங்கிவிட்டு அப்புறம் பெட்டைகளைக் கூப்பிட்டான். “தின்னுட்டு கூப்பிடறான் பாருங்க. இவன்லாம் குடும்பம் நடத்துவானா?” என்றார் உஷாராணி. கடைசியாக மிஞ்சியவன் எலும்பிலும் காலிலும் கொண்டையிலும் குறையில்லாதவன். சில்லைப் போட்டதும் எடுத்தான், கீழே போட்டான், கூப்பிட்டான், ஒதுங்கி நின்றான். உஷாராணி இடுப்பில் கைவைத்து நின்று சிரித்தார். “என்னங்க, மாப்பிள்ளை கெடச்சாச்சு.”

மறுநாள் காலை அந்த மாப்பிள்ளை கூண்டின் மேல் ஏறி, கழுத்தை நீட்டி, துருப்பிடித்த கதவைத் திறந்த மாதிரி ஒரு சத்தம் போட்டான். மற்றவர்கள் யாரும் இன்னும் வாய் திறந்திருக்கவில்லை.

கையில் தேநீரோடு நின்ற ராதாகிருஷ்ணன்தான் முதலில் பேசினார். “அது இருமல்.”

சேவல் இன்னொரு முறை, இந்தத் தடவை தெளிவாகவே, இருமியது.

“மத்தவன் ஒருத்தன் கூவட்டும், அத குடுத்துடலாம் லா. எந்தச் சேவல்னு சாமிக்கு என்ன தெரியும்?” என்றார் ராதாகிருஷ்ணன்.

“மழையில நான் வேண்டுனப்ப காதுல வாங்குனது யாரு?”

“சாமிதான்.”

“அப்ப அவருக்குத் தெரியும்.”

அன்றைக்குக் கடையில் ஒரு வாடிக்கையாளரிடம், “இந்தக் கலர் ஒங்களுக்கு எடுபடாது ஆன்டி” என்று உஷாராணி சொல்லிவிட்டார். முதலாளி வந்து காய்ச்சலா என்று விசாரித்தார். மாப்பிள்ளை போனால் அந்த வம்சம் போயிற்று. மிஞ்சியிருக்கும் அண்ணன் தம்பிகளை வைத்து வளர்த்தால் வருவது கோழியாக இருக்கும், அவருடைய கோழியாக இருக்காது.

அடுத்த செவ்வாய்க்கிழமை சேவலைக் கொண்டுபோய்க் கோயிலில் விட்டார். அந்தக் கோயிலில் பலியை நிறுத்திப் பல வருஷமாகிறது. நேர்ந்துவிட்ட சேவல்கள் வேலிக்குள்ளேயே திரியும். சாமி சொத்து. வெட்டக் கூடாது, விற்கக் கூடாது, கொண்டுவந்தவர் திருப்பிக் கேட்கவும் கூடாது. உஷாராணி அழுதார். மறைக்க ஒன்றுமில்லை, நன்றாகவே அழுதார். “தவள தன் வாயால கெடும்னு சும்மாவா சொன்னாங்க” என்று மூக்கைத் துடைத்துக்கொண்டு வேனில் ஏறினார்.

பாதி வழியில் திடீரென்று நிமிர்ந்து உட்கார்ந்தார். “என்னங்க. சேவலத்தான திருப்பிக் கேக்கக் கூடாது?”

“ஆமா.”

“பெட்டைங்க சாமி கும்பிட வரக் கூடாதுன்னு எங்கயாவது எழுதிப் போட்டிருக்கா?”

ராதாகிருஷ்ணன் வேனை ஓரங்கட்டிவிட்டுத்தான் சிரிக்க முடிந்தது.

மறுவாரம் இரண்டு பெட்டைகளோடு போய் நின்றார்கள். சேவலின் தாயை விட்டுவிட்டு, சின்னம்மா முறை ஆகிற இரண்டை உஷாராணி பொறுக்கி எடுத்திருந்தார். பூசாரி கன்னையா கறாரான ஆள். ரவிக்கைத் துண்டை விலக்கிப் பார்த்ததுமே விஷயம் புரிந்துவிட்டது. “யக்கா, கோயில்ல இது என்ன வேல?”

“பூசாரி அண்ணே, முருகனுக்கே ரெண்டு பேரு. அவரு கொடியில நிக்கிறவன் மட்டும் தனியா கெடக்கணுமா?”

கன்னையா முனியாண்டியைப் பார்த்தார். முனியாண்டி அரிவாளோடு எப்போதும் போல முறைத்துக்கொண்டிருந்தார். “சந்நிதிய விட்டுத் தள்ளி வச்சுக்குங்க” என்று சொல்லிவிட்டு, கன்னையாவே தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் பழைய வலையைக் கட்டி மறைப்பு போட்டுக் கொடுத்தார். மற்றச் சேவல்கள் வெளியே நின்று வயிறெரிந்தன. இப்போதெல்லாம் அவரே செவ்வாய்க்கிழமை காலையில் மாப்பிள்ளையைப் பிடித்து உள்ளே விட்டுத் தயாராக வைத்திருக்கிறார். வேன் சத்தம் கேட்டால் மாப்பிள்ளை வலையோரம் வந்து நின்று, கீழே கிடக்கும் பூவையோ பொரியையோ எடுத்துப் போட்டுக் கூப்பிட ஆரம்பிக்கிறான்.

மாப்பிள்ளைக்கு முதல் ஈட்டில் பொரிந்த குஞ்சுகள் வளர்ந்துவிட்டன. சேவல் மூன்று. காலும் கொண்டையும் மூன்றுக்கும் அப்பனைப் போலத்தான். ஆனால் குணம் வந்திருக்கிறதா என்பதுதான் கேள்வி. உஷாராணி நாளைத் தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தார். கடைசியில் போன வாரம் ஒரு சாயங்காலம் தேங்காயைத் துருவிக்கொண்டிருந்தவர் அப்படியே எழுந்து, மூன்று சில்லோடு பின்பக்கம் போனார். ராதாகிருஷ்ணனும் பின்னாலேயே போனார்.

முதல் துண்டை முதலாமவன் முன்னால் போட்டார். விழுங்கினான். இன்னொரு துண்டை இரண்டாமவன் முன்னால் போட்டார். அவன் விழுங்கிவிட்டு அண்ணன் வாயையும் பார்த்தான். மூன்றாமவன் வாழையடியில் ஒதுங்கி நின்றிருந்தான். கடைசித் துண்டை அவன் பக்கம் எறிந்தார்.

அவன் அதைத் தலையைச் சாய்த்துப் பார்த்தான். எடுத்தான். கீழே போட்டான். மறுபடி எடுத்தான். தொண்டைக்குள் ஏதோ குழறியது; இன்னும் பழகாத, உடைந்த குரல். இரண்டு பெட்டைகள் ஓடி வந்து கொத்தித் தின்றன. அவன் ஒதுங்கி நின்று, தின்று முடிக்கிற வரை பார்த்துக்கொண்டிருந்தான்.

உஷாராணிக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. கண்ணும் நிறைந்துவிட்டது. “வாங்க மாப்பிள்ளை” என்றார், மெதுவாக.

பின்னால் நின்ற ராதாகிருஷ்ணனுக்கும் பொங்கிக்கொண்டு வந்தது. இரண்டு கையையும் தலைக்கு மேல் குவித்தார். “முனியாண்டி, இவன் மட்டும் நல்லபடியா நின்னுட்டா ஒனக்கு…”

உஷாராணி பாய்ந்து போய், துருவல் ஒட்டிய உள்ளங்கையால் அவர் வாயைப் பொத்தினார்.