அவன் கையாலேயே வரட்டும்

திண்டிவனம் பின்னால் போய்விட்டது. என் இரண்டு உள்ளங்கைகளிலும் கயிறு அறுத்த தடம். வேட்டி ஓரத்தைக் கிழித்துச் சுற்றிக்கொண்டு, விழுப்புரம் போகும் சாலையில் புளியமர நிழலாகப் பார்த்து நடந்துகொண்டிருந்தேன். கோர்ட்டில் என்னை எச்சரித்து விட்டுவிட்டார்கள். இனி இந்த ஊரில் தலையைக் காட்டக் கூடாது என்று ஒரு போலீஸ்காரர் வாசல்வரை வந்து சொன்னார். அதில் எனக்கு வருத்தமில்லை, பல ஊர்களில் கேட்டதுதான். கைதான் எரிந்தது. காணைக்காரரின் முழுக் கனத்தையும் தாங்கிய கயிறு போட்ட தடம் அது.

ஐம்பதுகளின் கடைசியில் நடந்தது. பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டவன் நான். வேலை கிடைத்த ஊரில் இருப்பேன், அலுத்தால் கிளம்பிவிடுவேன். திண்டிவனம் ரயிலடியில் படுத்திருந்தபோது சந்தேகக் கேஸ் என்று பிடித்துப் போனார்கள். பக்கத்துக் கிராமத்துக் கோயிலில் வெண்கல மணி காணாமல் போயிருந்தது. லாக்கப்பில் எனக்கு முன்பே ஒருவர் உட்கார்ந்திருந்தார். காணை ஊர்க்காரர் என்பதால் எல்லோரும் அவரைக் காணைக்காரர் என்றார்கள். நானும் அப்படியே கூப்பிட்டேன். ஊர் ஊராகப் போய்க் கிணறு தூர் வாருவது அவர் தொழில். மணி காணாமல் போன வாரம் கோயில் கிணற்றில் சேறு அள்ளியவர் அவர். பிடிப்பதற்கு அது போதுமாக இருந்தது.

என்னை அடித்தார்கள். எனக்கு ஒன்றும் தெரியாது என்பது அவர்களுக்கும் தெரிந்திருந்ததால் சீக்கிரம் முடிந்தது. காணைக்காரர் மேல் ஒரு அடிகூட விழவில்லை. அவரை விசாரித்தவர் ஏட்டையா, அந்த ஸ்டேஷனின் தலைமைக் காவலர். கம்பிக்கு வெளியே தரையிலேயே உட்கார்ந்து, டீ வரவழைத்துக் கொடுத்து, கிணறுகளைப் பற்றிக் கேட்பார். எந்தப் பக்கம் ஊற்று வரும், மூச்சை எப்படி அடக்குவது, சேற்றில் விழுந்த சொம்பை எப்படித் தேடுவது. காணைக்காரர் வாழ்நாளில் அவரிடம் இவ்வளவு கேட்டவர்கள் இல்லை. கண்ணைத் திறந்தால் ஒன்றும் தெரியாது, மூடிக்கொண்டு காலால் துழாவ வேண்டும் என்று ஆசையாகச் சொல்லிக்கொடுத்தார். நடுவில் மணியைப் பற்றிக் கேட்டால் மட்டும், தெரியாதுங்க என்பார். ஏட்டையா கோபப்பட மாட்டார். மறுபடியும் கிணற்றுக்கே போவார்.

ஒருநாள் சட்டத்தையே எடுத்துச் சொன்னார். "எங்ககிட்ட நீ என்னா சொன்னாலும் கோர்ட்டுல செல்லாதுய்யா. சட்டமே அப்பிடித்தான். பயப்படாம சொல்லு."

"செல்லாததுக்கு எதுக்குங்க கேட்டுக்கினு இருக்கீங்க?"

ஏட்டையா வாய்விட்டுச் சிரித்தார். அவர் சொன்னது பொய்யில்லை. பின்னாளில் சென்னையில் ஒரு வக்கீல் வீட்டில் தோட்ட வேலை பார்த்தபோது கேட்டேன். போலீசிடம் ஒப்புக்கொண்டது செல்லாது, ஆனால் குற்றவாளி காட்டிக்கொடுத்து ஒரு பொருள் கிடைத்தால் அந்த அளவுக்குச் செல்லும் என்றார். சட்டத்தின் முதல் பாதியைத்தான் ஏட்டையா சொல்லியிருந்தார். மறு பாதியை அவர் வாயால் சொல்லவில்லை. கிணற்றடிக்குக் கூட்டிப்போய்ச் செய்துகாட்டினார்.

அன்று காலை கயிறு பிடிக்க ஆள் வேண்டும் என்று என்னையும் கூட்டிப்போனார்கள். கிராமத்துக்கு வெளியே இருந்த பொதுக் கிணறு அது. கிராம முன்சீப்பும் ஊர்க் கணக்கெழுதும் கர்ணமும் வந்து காத்திருந்தார்கள். தண்ணீர் சேந்தும் பெண்களின் வாளி அடியில் எதன் மேலோ இடிக்கிறது என்று ஊரே பேசிக்கொண்டிருந்தது. எங்கள் காதிலும் விழுந்தது. ஏட்டையா காணைக்காரரின் விலங்கைக் கழற்றினார். "உள்ள ஏதோ கெடக்குதாம். நீதான் கெட்டிக்காரனாச்சே, எறங்கி எடுத்துக்கினு வா."

கிணற்றில் ஏதோ விழுந்துவிட்டது என்று யார் கூப்பிட்டாலும் இறங்குகிறவர் அவர். பகையாளி வீட்டுக் குடமாக இருந்தாலும் எடுத்துக் கொடுத்துவிட்டுத்தான் கூலி பேசுவாராம். அன்றும் எதுவும் கேட்கவில்லை. ஒரு பீடி மட்டும் வாங்கித் தரச் சொல்லிவிட்டுக் குதித்தார். தண்ணீர் அலையடங்கிக் கிடந்தது. பிறகு கயிறு ஆடியது. பொருளைக் கட்டிவிட்டேன், இழு என்று அர்த்தம். நான் இழுத்தேன். ஏட்டையா கயிற்றைப் பிடித்து நிறுத்தினார்.

"அவுக்கச் சொல்லு. அவன் கையாலயே வரட்டும்."

"கட்டி இழுத்தா சுலுவாச்சேங்க" என்று கீழேயிருந்து குரல் வந்தது.

"சொன்னதச் செய்யி."

ஒரு கையால் மணியை மார்போடு அணைத்து, மறு கையால் கயிற்றைப் பிடித்து, சுவரில் காலை ஊன்றி ஏறினார். கயிறு என் கையில் வழுக்கி அறுத்தது. விடவில்லை. மேலே வந்ததும் மணியிலிருந்த தண்ணீர் கொட்டி, நாக்கு ஒருமுறை அடித்தது. காணைக்காரர் முன்சீப்பைப் பார்த்து மூச்சு வாங்கச் சிரித்தார். "பாதி சேத்துல பொதஞ்சிருந்துச்சிங்க. வேற யாராலயும் எடுத்திருக்க முடியாது."

முன்சீப்பும் கர்ணமும் சாட்சிக் கையெழுத்துப் போட்டார்கள். பிடித்தவர்களை ஒரு நாளைக்குள் மாஜிஸ்ட்ரேட் முன் நிறுத்த வேண்டுமாம். அன்று திரும்பி வந்த பிறகுதான், அன்று காலையில் எங்களைப் பிடித்ததாக எழுதினார்கள்.

கோர்ட்டில் மாஜிஸ்ட்ரேட் தணிந்த குரலில்தான் கேட்டார். போலீசார் அடித்தார்களா? இல்லீங்க என்றார் காணைக்காரர். மணியை எடுத்துக் கொடுத்தது நீயா? "நான்தாங்க எடுத்தேன்" என்றார். அந்தக் குரலில் முந்திய நாள் பெருமை இன்னும் கொஞ்சம் மிச்சமிருந்தது. இறங்கச் சொன்னது யார் என்று கேட்கவில்லை. கேட்காததைச் சொல்லலாம் என்பது காணைக்காரருக்குத் தெரியவில்லை. என் முறை வந்தபோது, இறங்கச் சொன்னது ஏட்டையாதான் என்று நான் சொன்னேன். உன் கேஸைப் பற்றி மட்டும் பேசு என்றார்கள். ஏட்டையா என்னைக் கோபமில்லாமல் பார்த்தார். அந்தப் பார்வையிலேயே எல்லாம் முடிந்துவிட்டது தெரிந்தது.

வராந்தாவில் காணைக்காரர் மறுபடி விலங்கோடு உட்கார்ந்திருந்தார். அப்போதுதான் அவருக்கு விளங்கியிருந்தது. "எடுத்துக் குடுத்தது தப்பாப்பா?" என்று கேட்டார். பிறகு அவரே, "காணைப் பக்கம் போனா எங்க ஊட்ல ஒண்ணும் சொல்லாத. வேலையில இருக்கறேன்னு நெனச்சிக்கினு இருக்கட்டும்" என்றார். அதன் பிறகு நான் அவரைப் பார்க்கவில்லை. எவ்வளவு தண்டனை என்பதும் தெரியாது. நல்ல வக்கீல் இருந்திருந்தால் கேஸை உடைத்திருக்கலாம், வாளி இடித்தது ஊருக்கே தெரியுமே, அவர் காட்டிக்கொடுத்ததாக ஆகாதே என்றார் அந்தச் சென்னை வக்கீல். சொல்லிவிட்டு ரோஜாச் செடிக்குத் தண்ணீர் ஊற்றச் சொன்னார்.

இப்போது எனக்கு வயதாகிவிட்டது. கையில் தடம் இல்லை. ஆனால் அந்த நடை நினைவிருக்கிறது. விக்கிரவாண்டி தாண்டியபோது விடிந்தது. விழுப்புரம் ரயிலடிக்கு எதிரே ஒரு ஓட்டலில் தண்ணீர் இறைக்க ஆள் தேடிக்கொண்டிருந்தார்கள். வாளி கிணற்றில் விழுந்துவிட்டது, இறங்கி எடுக்கிறாயா என்றார் முதலாளி.

"எறங்க மாட்டேங்க. எறைக்கிறேன்."

"இந்தக் கைய வச்சிக்கினா?"

"ஆமாங்க."

பக்கத்துக் கடையில் வேறு வாளி வாங்கி வந்து கொடுத்தார். துணிக்கட்டை அவிழ்த்துவிட்டுக் கயிற்றைப் பிடித்தேன். வாளி அடிக்குப் போனதும், உள்ளே கிடந்த பழைய வாளியின் மேல் இடித்து ஒருமுறை ஒலித்தது. நான் குனிந்து பார்க்கவில்லை. இறைக்கத் தொடங்கினேன்.